எக்ஸிமாவுக்கு வீட்டு வைத்தியம்: எனக்கு உதவியதும் உதவாததும்

முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் எனக்குப் பல வருஷமாக எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய். தோல் மருத்துவர் கொடுத்த களிம்பு தணித்துவிடும், சில வாரங்களில் மறுபடி தலைகாட்டும். அந்த இடைவெளியை நீட்ட முடியுமா என்றுதான் வீட்டு வைத்தியங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். களிம்பை நிறுத்திவிட்டு இவற்றைச் செய்யவில்லை, அதோடு சேர்த்தே செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எக்ஸிமா உள்ள தோலின் மேலடுக்கால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடிவதில்லை. பலருக்கு ஈரத்தைக் காக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் மரபணு மாற்றத்தால் குறைவாக இருக்கிறது. ஈரம் வெளியே போகப் போகத் தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு வழியாக எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. அரிக்கிறது, சொறிகிறோம், வெடிப்பு இன்னும் பெரிதாகிறது. இது புரிந்த பிறகு யார் எந்த வைத்தியம் சொன்னாலும் ஒன்றைத்தான் பார்த்தேன்: இது ஈரத்தை உள்ளே நிறுத்துமா, தோலை மேலும் உலர்த்துமா?

அதிகம் பலன் தந்தது எண்ணெயோ மூலிகையோ இல்லை, குளிக்கும் முறை. சூடான நீர் அரிப்புக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். வெதுவெதுப்பான நீருக்கு மாறினேன். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரப்பசை இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவிவிடுவேன். இரண்டு மூன்று நிமிடம் தள்ளிப் போட்டாலே வித்தியாசம் தெரியும். சாதாரண சோப்பையும் விட்டேன். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்பு காரத்தன்மை கொண்டது. வறண்ட தோலுக்கு அது தாங்காது.

அடுத்தது ஓட்ஸ். எதுவும் சேர்க்காத ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். எவ்வளவு நைஸாக அரைபட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு டம்ளர் நீரில் ஒரு ஸ்பூன் மாவைப் போட்டுக் கலக்கினால் நீர் பால் மாதிரி வெண்மையாகிக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும். மாவு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு முறை அரைக்க வேண்டும். அந்த நீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து முழங்கை மடிப்பில் பத்து நிமிடம் போட்டு வைப்பேன். எடுக்கும்போது தோல் வழவழவென்று இருக்கும். அரிப்பு அப்போதே அடங்கும், சில மணி நேரத்துக்குத் தொந்தரவு இருக்காது. ஓட்ஸில் உள்ள அவெனாந்த்ரமைடு என்ற பொருள் அழற்சியைக் குறைக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003-இல் நைஸாக அரைத்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் பொருளாக அங்கீகரித்தது. ஆனால் ஓட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. குளியல் நீரில் கலந்தால் தரை பயங்கரமாக வழுக்கும், கவனம்.

தேங்காய் எண்ணெய் எனக்கு ஒத்துக்கொண்டது. எக்ஸிமா தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அதிகமாகக் குடியேறும். அதைக் குறைப்பதில் சுத்தமான தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைவிட மேலாக இருந்ததாக 2008-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆலிவ் எண்ணெய் தோலின் பாதுகாப்பு அரணையே பலவீனப்படுத்துகிறது என்று 2013-இல் இன்னோர் ஆய்வு வந்தது, அதனால் அதைத் தொடவே இல்லை. எந்த எண்ணெயும் காய்ந்த தோலில் பூசினால் பெரிதாகப் பயன் இல்லை, ஈரத் தோல் மேல்தான் பூச வேண்டும். கடும் வறட்சி இருக்கும் நாளில் எண்ணெய் போதாது, கெட்டியான பெட்ரோலியம் ஜெல்லிதான் தாங்கும்.

இரவு அரிப்புக்கு ஈரத்துணிக் கட்டு. பழைய பருத்திச் சட்டையின் கையை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மாய்ஸ்சரைசர் தடவிய கையில் மாட்டுவேன். அதன் மேல் காய்ந்த துணி ஒன்று. முதலில் குளிரும், அப்புறம் நல்ல இதம். தூக்கத்தில் நகம் படாது என்பதே பெரிய நிம்மதி. புண்ணில் நீர் வடிந்தாலோ சீழ் இருந்தாலோ கட்டக் கூடாது. ஸ்டீராய்டு களிம்பின் மேல் கட்டினால் மருந்து தோலுக்குள் அதிகமாக இறங்கும். மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

உதவாதவற்றில் முதலிடம் ஆப்பிள் சிடர் வினிகருக்கு. நன்றாக நீர்க்க வைத்தும் எரிந்தது, மறுநாள் அந்த இடம் சிவந்து கிடந்தது. 2019-இல் வந்த ஓர் ஆய்வில் இதைப் பயன்படுத்தியவர்களுக்கும் தோலின் பாதுகாப்பு அரண் மேம்படவில்லை, பலருக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. மஞ்சள் பற்று காயக் காயத் தோலை இழுத்துப் பிடித்தது. எலுமிச்சைச் சாறு, டீ ட்ரீ எண்ணெய் இரண்டும் வெடித்த தோலுக்கு ஆகாதவை என்பதால் முயலவில்லை. ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் என்ற செடியின் விதை எண்ணெய் மாத்திரையையும் பலர் பரிந்துரைத்தார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை என்று 2013-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு சொல்லிவிட்டதால் அதையும் விட்டுவிட்டேன்.

எது புதிதாக வந்தாலும் முன்கையின் உட்புறத்தில், நன்றாக இருக்கும் தோலில், நாணயம் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்ப்பேன். சிவப்போ அரிப்போ இல்லையென்றால்தான் மற்ற இடங்களுக்கு. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாத மூலிகைக் களிம்புகள் வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு சேர்த்திருந்தது சோதனைகளில் தெரிய வந்திருக்கிறது.

இப்போதும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. வருகிற இடைவெளி நீண்டிருக்கிறது, களிம்பும் குறைவாகவே தேவைப்படுகிறது. வந்தால் மருத்துவர் சொன்ன அளவில் தயங்காமல் போட்டுக்கொள்கிறேன். தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து வலித்தாலோ ஓட்ஸையும் எண்ணெயையும் ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கொப்புளங்கள் ஹெர்ப்பீஸ் வைரஸால் வந்திருக்கலாம், அதற்கு உடனே மருந்து தேவை.