ஆயுத பூஜையும் ஒரு ஜோடி வைப்பரும்

ஆயுத பூஜையன்று காரைக் கழுவி, கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டால் எங்கள் அடுக்ககத்தில் பெரும்பாலானவர்களுக்கு வண்டி விஷயம் முடிந்தது. எனக்கு அன்றைக்கு இன்னொரு வேலை உண்டு. வைப்பரைத் தூக்கி நிறுத்தி, ரப்பர் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்ப்பேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். பூஜை அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். வாங்கி மாட்ட அதுதான் கடைசி அவகாசம். முதல் பெருமழைக்கு மறுநாள் எந்தக் கடைக்குப் போனாலும் நமக்கு வேண்டிய அளவு மட்டும் இருக்காது.

சென்னையில் வைப்பர் தேய்ந்து கெடுவதைவிடக் காய்ந்து கெடுவதுதான் அதிகம். மழைக்காலம் முடிந்தால், நடுவில் வரும் சாயங்கால இடிமழை நீங்கலாக, அதற்கு வேலையே இல்லை. கத்திரி வெயிலில் கொதிக்கிற கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும். நான் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவள். ரப்பர் பாடம் வரும்போது காய்ந்துபோன பழைய வைப்பர் பிளேடு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோவேன். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள். காற்றில் இருக்கிற கொஞ்சூண்டு ஓசோன் சரியாக அங்கே போய்த்தான் வெட்டும். ரப்பர் எங்கே வளைந்தபடி அழுந்திக்கிடக்கிறதோ அங்கே அந்த வெட்டு விரிசலாகத் திறந்துகொள்ளும். வெயிலும் சூடும் மேல்தோலை இறுகவைக்கும். ‘இதுதான் பரீட்சையில வர்ற ரெண்டு மார்க்’ என்று விரிசலைக் காட்டினால் கடைசி பெஞ்சுகூட எட்டிப் பார்க்கும்.

இறுகினால் என்ன கெட்டுவிடும்? வைப்பர் ஒரு பக்கம் போகும்போது ரப்பரின் உதடு பின்னால் சாய்ந்தபடி இழுபடுகிறது. திரும்பி வரும்போது அது சட்டென்று மறுபக்கம் புரள வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் இந்தப் புரளல் நடக்கிறது. இறுகிய ரப்பர் புரளாது. நிமிர்ந்தபடி கண்ணாடியைக் குத்திக் குத்தித் துள்ளிக்கொண்டு வரும். அந்த ‘டர்ர்ர்’ சத்தம் அதுதான்.

ஆனால் சத்தம் கேட்டவுடனே காசு எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டியதில்லை. கண்ணாடியில் விழுகிற தடத்தைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே ஒரு மெல்லிய கோடு நின்றால், ரப்பரில் அந்த இடத்தில் மணலோ இலைத்துணுக்கோ சிக்கியிருக்கும், இல்லை சின்னதாகக் கிழிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தும் கோடு போகவில்லையென்றால் கிழிசல். துடைத்த இடமெல்லாம் ஒரு நொடி பனிபோல் மங்கித் தெளிந்தால் பிழை பெரும்பாலும் வைப்பரில் இல்லை, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் அகலமாகத் துடைபடாத திட்டு விழுந்தால், ரப்பர் அங்கே கண்ணாடியைத் தொடவே இல்லை. பிளேடின் ஃபிரேம் வளைந்திருக்கும், அல்லது பிளேடைத் தாங்குகிற இரும்புக் கையான ஆர்மின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்த வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த பிளேடு வாங்கி மாட்டினாலும் அப்படியேதான் இருக்கும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

கடைக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு கடையில், “எந்த வண்டி மேடம்?” என்று கேட்டுவிட்டு, அளவும் பார்க்காமல் கொக்கியும் பார்க்காமல் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார்கள். ஒரே நீளத்தில் இரண்டு பிளேடு. “என் வண்டிக்கு ரெண்டும் வேற வேற அளவுங்க” என்றேன். “சாரை அனுப்புங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கிறேன்” என்றார். சாருக்கு பானெட் திறக்கிற லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவரை அனுப்பி என்ன செய்வது?

அந்த மனிதரிடம் மேரி ஆண்டர்சன் கதையைச் சொல்லியிருக்கலாம். அலபாமாக்காரி. நியூயார்க்கில் பனி கொட்டுகிற நாளில் டிராமில் போனவர், ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு குளிரில் நடுங்குவதைப் பார்த்தார். உள்ளிருந்தபடியே ஒரு கைப்பிடியை அசைத்தால் வெளியே ரப்பர் வைத்த கை துடைக்கிற அமைப்பை வரைந்து, 1903 நவம்பரில் காப்புரிமை வாங்கினார். 1905-ல் ஒரு கனடா நிறுவனத்திடம் விற்கப் பார்த்தபோது இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று திருப்பி எழுதிவிட்டார்கள். கார்கள் பெருகி வைப்பர் எல்லா வண்டியிலும் ஏறுவதற்குள் காப்புரிமைக் காலம் முடிந்துபோனது. ஒரு காசு அவர் கைக்கு வரவில்லை.

சரி, வாங்குகிற விஷயம். என்னுடையது பழைய ஹூண்டாய் ஐ10. டிரைவர் பக்கம் 22 இன்ச், இடப்பக்கம் 16 இன்ச். உங்களுடையது எதுவானாலும் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி ரப்பரின் நீளத்தை அளந்துவிடுங்கள். பெட்டியில் இன்ச்சோடு மில்லிமீட்டரும் போட்டிருக்கும்: 22 இன்ச்சுக்கு 550, 16-க்கு 400. ஒரு இன்ச் கூடினால் துடைக்கிற பரப்பு கூடும் என்று நினைத்து நீளமாக வாங்காதீர்கள். ஒன்று கண்ணாடியின் ஓரத்தில் ஓடுகிற பீடிங் பட்டையில் இடிக்கும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். அப்புறம் கொக்கி. ஆர்மின் நுனி குடைப்பிடிபோல வளைந்திருந்தால் கவலையே இல்லை, சந்தையில் அதற்குத்தான் அதிகம் கிடைக்கும். நுனி தட்டையாக, பக்கவாட்டில் பின்னோ பட்டனோ வைத்து இருந்தால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

நான் வாங்குவது அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஜி.பி. ரோட்டில். கார் சாமான்களுக்கென்றே இருக்கிற தெரு. சிலர் பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போகச் சொல்வார்கள். கதவு, பம்பர், ஹெட்லைட் என்றால் புதுப்பேட்டை சரி. ரப்பரைப் பழசாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஜி.பி. ரோட்டில் ஒரு பையன், “அக்கா, ஃபிரேம்லெஸ் போடுங்க, லுக்கா இருக்கும்” என்றான். லுக் எனக்கு வேண்டாம், ஆனால் வாங்கியது அதைத்தான். பழைய இரும்பு ஃபிரேமில் நாலைந்து மூட்டுகள் இருக்கும், அவைதான் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப ரப்பரை அழுத்துகின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த மூட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும். ஃபிரேம்லெஸ்ஸில் மூட்டே கிடையாது, முன்கூட்டியே வளைத்த எஃகுப் பட்டைதான் நீளம் முழுக்க அழுத்துகிறது. ஜோடி 600 ரூபாய்க்குள் முடிந்தது. உங்கள் ஃபிரேம் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும் வாங்கி உருவிச் செருகலாம், அதில் பாதிகூட ஆகாது. வீட்டில், “டிரைவர் பக்கம் மட்டும் போட்டா போதாதா?” என்ற கேள்வி வந்தது. சிக்னலில் இடப்பக்கமாகத்தானே பைக்குகள் நுழைகின்றன? அந்தப் பக்கம் மங்கலாக இருந்தால் எப்படி?

மாட்டுவது ஐந்து நிமிஷம். முதலில் ஒரு கனத்த குளியல் துண்டைக் கண்ணாடிமேல் விரித்துவிடுங்கள். பிளேடு இல்லாத வெறும் ஆர்ம் கைதவறி விழுந்தால் ஸ்பிரிங் வேகத்தில் இரும்புக் கொக்கி நேராகக் கண்ணாடியில் அடிக்கும், கண்ணாடி விரிசல் விடும். ஆர்மைத் தூக்கி, பிளேடைக் குறுக்காகத் திருப்பினால் கொக்கியின் உள்வளைவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதை அழுத்திக்கொண்டு பிளேடைக் கீழே, பானெட் பக்கமாகத் தள்ள வேண்டும். எல்லோரும் மேல்பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு வரவில்லை என்பார்கள். கொக்கி மேலே வளைந்திருக்கும்போது மேலே இழுத்தால் எப்படி வரும்? புதியதற்கு இதையே தலைகீழாகச் செய்து, கொக்கிக்குள் உட்காரவைத்து ‘டக்’ என்று கேட்கும்வரை மேலே இழுங்கள். கேட்கவில்லையென்றால் மாட்டவில்லை. ரப்பர்மேல் பொருத்தி வருகிற பிளாஸ்டிக் உறையைக் கழற்றியாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பார்க்கிங்கிலேயே உறையோடு ஓடுகிற வண்டி ஒன்று இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்வார்.

புது ரப்பரில் கருப்பாகக் கையில் ஒட்டுவது அழுக்கு அல்ல. வழுக்கி ஓடுவதற்காகப் பூசுகிற கிராஃபைட். அதைத் துடைத்து எடுக்காதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் போட்டுத் துடைக்கவே வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிவிடும். தேங்காயெண்ணெய் தடவினால் மெத்தென்று ஆகும் என்பவர்கள் அடுத்த மழையில் கண்ணாடியைப் பார்க்கட்டும்.

கண்ணாடியைக் கழுவாமல் புது வைப்பர் போடுவது வீண். பூஜைச் சந்தனமும் விபூதியும் காய்ந்து பொடியாக நிற்கும், அதன்மேல் வைப்பரை ஓட்டினால் உப்புத்தாள் தேய்த்த கதைதான். எங்கள் பார்க்கிங்கில் புங்கைமரம் வேறு. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசின் தூறிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் சோப்புத்தண்ணீர் பார்த்துக்கொள்ளும். போர் தண்ணீர் காய்ந்து நிற்கிற வெள்ளைப் புள்ளிகளுக்குத்தான் வினிகர் வேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரை வாளியில் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பு முழுக்க அந்த வாளியில்தானே இருக்கிறது? கண்ணாடியை மட்டும் கடைசியில் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். வாஷர் டேங்கிலும் அந்த ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றினால் பீய்ச்சுகிற துளை அடைத்துக்கொள்ளும். அடைத்திருந்தால் குண்டூசியால் குத்தி எடுக்கலாம்.

அப்பாவுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இருந்ததில்லை. அம்பாஸிடர் டாக்ஸி. வெளியே விட்டால் திருடு போகும் என்று வைப்பரைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்திருப்பார். தூறல் விழுந்தால் ஓரம்கட்டி, இறங்கி மாட்டுவார். மோட்டார் நின்றுபோன நாட்களில் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழியும், ஒருமாதிரி ரோடு தெரியும். மாவுச்சத்து தண்ணீரை இழுத்துப் பரப்புகிறது என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது.

பாக்கி இருப்பது எங்கள் கார் கழுவுகிற அண்ணன். கழுவி முடித்த வண்டிக்கு அடையாளமாக வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போவார். நாளெல்லாம் அப்படி நின்றால் ஸ்பிரிங் தளரும் என்று ஒரு கட்சி. சூடான கண்ணாடியில் படாமல் இருப்பது ரப்பருக்கு நல்லது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்கு நெருக்கம். பயமெல்லாம், கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் நிற்கிற வைப்பரில் மோதுவதுதான். “அண்ணே, இறக்கி விட்ருங்களேன்” என்றேன்.

“இறக்கிட்டா கழுவவே இல்லைன்னு செகரட்டரி சம்பளத்தைப் புடிச்சிருவாரு டீச்சர்.”

இடப்பக்கத்து 16 இன்ச்சை மட்டும் தூக்கிவைப்பதென்று பேசி முடித்திருக்கிறோம்.