வறண்ட காட்டுக்கு எஃப்எஸ்சி சான்றிதழ் வாங்கின அனுபவம்

எங்க குழு பராமரிக்கிற வறண்ட காட்டுக்கு எஃப்எஸ்சி சான்றிதழ் கிடைச்சாச்சு. காட்ட அழிக்காம பொறுப்பா பராமரிக்கிறோம்னு காட்டுற உலக அளவு சான்றிதழ் இது. இதே வேலைல இறங்கப் போறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

தனியா போகாதீங்க, குரூப் சர்டிஃபிகேஷன்ல, அதாவது பல பேர் சேந்து ஒரே சான்றிதழா வாங்குற முறைல போங்க, ஆடிட் செலவ எல்லாரும் பங்கு போட்டுக்கலாம். காடு வருஷத்துக்கு வளர்ற அளவுல 20 சதவீதத்துக்கும் கீழ வெட்டி, மொத்தமும் 5000 கன மீட்டருக்குள்ள நின்னா குறைஞ்ச அறுவடை வகைல சேத்துப்பாங்க, பேப்பர் வேலை நல்லாவே குறையும்.

ஆனா வருஷத்துக்கு எவ்வளவு வளருதுன்னு காட்டணுமே, அங்கதான் உயிர் போச்சு. நாங்க பாத்த கைடு எல்லாம் நெட்டையா ஒத்தைத் தண்டா நிக்கிற மரத்துக்கு எழுதினது, 1.3 மீட்டர் உயரத்துல டேப்ப சுத்துனு சொல்லும். இங்க மரம் அடியிலயே நாலஞ்சா பிரியுது, அதனால முள்ளுக்குள்ள கைய விட்டு தரைலேர்ந்து 30 சென்டிமீட்டர்ல ஒவ்வொரு தண்டா அளந்து, அளந்த எடத்துல பெயின்ட் கோடு போட்டு, அடுத்த வருஷமும் அதே கோட்டுலயே அளக்கணும், கோடு தள்ளிப்போனா கணக்கே தப்பு. அதோட மழை பெய்ஞ்ச வருஷம் வளந்தத வெச்சு வெட்டு அளவ போட்ராதீங்க, அது காட்டுக்கு செய்ற துரோகம். பொய்ச்ச வருஷத்தையும் சேத்து சராசரி எடுங்க.

ஆடிட்டர் ஃபைல விட, மரம் வெட்டினப்புறம் தரைல நின்னு திரும்பத் துளிர்க்கிற அடிக்கட்டைகளத்தான் அதிகம் பாத்தாங்க. அதுங்க பக்கத்துல உக்காந்து துளிர் நுனிய திருப்பித் திருப்பி பாத்தாங்க. முயல் கடிச்சா சாய்வா சுத்தமா வெட்டுப்பட்டிருக்கும், ஆடு கடிச்சா நார் நாரா கிழிஞ்சிருக்கும். எங்க காட்டுல கிழிஞ்சுதான் இருந்துச்சு, மேய்ச்சல்காரங்களோட எழுத்துல ஒப்பந்தம் இல்லனு மைனர் குறை எழுதிட்டாங்க. மைனர்னா சரி பண்ண ஒரு வருஷம் இருக்கு, மேஜரா வந்தா சான்றிதழே கைக்கு வராது, முதல்ல அத முடிக்கணும்.

வேலி போடலாம்னு சிலர் சொன்னாங்க, நான் ஒத்துக்கல, கோடைல அவங்க ஆட்டுக்கு இந்தக் காட்ட விட்டா வேற தீவனம் கெடையாது. உக்காந்து பேசினதுல வெட்டின பகுதி மட்டும், துளிர் ஆட்டு வாய்க்கு எட்டாத உயரம் வர்ற வரைக்கும் மூடுறது, மத்ததெல்லாம் திறந்து விடுறதுனு முடிவாச்சு. எந்தப் பக்கம் முதல்ல துளிர்க்கும்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு, மேப்பே அவங்க சொல்லித்தான் வரைஞ்சோம்.

இயற்கைப் பாதுகாப்புக்குனு காட்டுல 10 சதவீதம் ஒதுக்கணும், ஓடைக்கரையையும் பழைய பொந்து மரங்க நிக்கிற பகுதியையும் குடுத்தோம். பிசின், தேன் எடுக்குறீங்கன்னா விண்ணப்பத்துலயே சேத்துருங்க, மரம் மட்டும்னு எழுதினா அதையெல்லாம் சான்றிதழோட விக்க முடியாது.

இது சின்னக் குழுவால முடியுமான்னு கேக்குறவங்களுக்கு, தான்சானியால கில்வா பக்கத்து கிராமங்க 2009லயே தங்க காட்டுக்கு எஃப்எஸ்சி வாங்கிட்டாங்க. சான்றிதழ் 5 வருஷம், நடுவுல வருஷா வருஷம் ஆடிட் உண்டு, அதனால அளவு நோட்ட தேதி போட்டு பத்திரமா வைங்க, ஒவ்வொரு தடவையும் அதத்தான் முதல்ல கேப்பாங்க.