பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு டவர்

செல்போன் டவர்களின் கதிர்வீச்சை அளப்பது என் வேலை. சென்னை முழுக்கச் சுற்றுகிறேன் என்றாலும், அளந்து முடித்த பிறகும் கிளம்ப விடாமல் மக்கள் நிறுத்தி வைத்துப் பேசுவது வட சென்னையில்தான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எங்கே மீட்டரை விரித்தாலும் கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிடும். "இதால கேன்சர் வருமா, வராதா? ஒரே வார்த்தைல சொல்லு சார்" என்பார்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால் விரிவாகவே சொல்வேன். டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரேயைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி அதற்கு இல்லை. அது உடம்பில் செய்வதாக உறுதியாகத் தெரிந்தது சூடேற்றுவதுதான். அந்தச் சூடு தொந்தரவு தரும் அளவுக்கு வெகு கீழே உலக வரம்பை வைத்திருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா அதையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது 0.45 வாட் ஆனது. தெருவிலும் வகுப்பறைகளிலும் நான் அளந்தவரை, பெரும்பாலும் அதில் ஒரு சின்னத் துளிதான் இருந்திருக்கிறது. 2011-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தவை காதோடு ஒட்டிப் பேசும் கைபேசி பற்றிய ஆய்வுகள். 2024-இல் அதே அமைப்பு கேட்டு வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதையும் காணவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். கூட வரும் இளைஞர்கள் சிலர் இதை அறியாமை என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்பதை இந்த ஊர்க்காரர்கள் நிறையக் கேட்டுவிட்டார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை, எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல், மணலியின் இரவு நேர வாடை என்று எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நகரத்துக்கு வேண்டியதையெல்லாம் தங்களைக் கேட்காமல் கொண்டுவந்து இறக்கிப் பழகிய இடத்தில், ஒருநாள் காலையில் எதிர் மாடியில் இரும்புக் கம்பம் ஏறினால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டை பக்கம், குறுகலான தெரு. பள்ளிக்கு நேர் எதிர் வீட்டு மொட்டை மாடியில் டவர். பிள்ளைகளுக்குத் தலைவலி, மயக்கம், டவர் ரேடியேஷன்தான் காரணம் என்று பெற்றோர் மனு கொடுத்திருந்தார்கள். மூன்று கால் ஸ்டாண்டில் மீட்டரை ஆள் உயரத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு வகுப்பிலும் ஆறு நிமிடச் சராசரி எடுத்தேன். எங்குமே வரம்பின் பக்கத்தில்கூட வரவில்லை. அதைச் சொன்னதும் ஒரு அம்மா, "சார், இங்க வாங்க" என்று தெருப்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக் காட்டினார். விரல் நுனி கன்னங்கரேல் என்று இருந்தது. கீழே, எதிர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் டவருக்கான டீசல் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் இந்த ஜன்னலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. கரன்ட் போனால் பாடம் நடத்துவது காதில் விழாது, புகை நேராக உள்ளே வரும் என்றார் அங்கிருந்த டீச்சர்.

"அப்புறம் ஏம்மா மனுவுல ரேடியேஷன்னு எழுதினீங்க?"

"ஜெனரேட்டர் சத்தம், புகைன்னு எத்தனையோ தடவ குடுத்துட்டோம் சார். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ரேடியேஷன்னு எழுதினோம், மிஷினோட நீங்க வந்துட்டீங்க."

டீசல் புகையை அதே புற்றுநோய் முகமை 2012 ஜூனில் முதல் பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை இருக்கும் பிரிவு அது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் அதில்தான் இருக்கின்றன. சந்தேகப் பட்டியலில் இருக்கும் ஒன்றை அளக்க விலை உயர்ந்த கருவியோடு என்னை அனுப்புகிறார்கள். உறுதிப் பட்டியலில் இருப்பது அதே டவரின் காலடியில் நின்று புகைகிறது, அதை எழுத என் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. தனித் தாளில் எழுதி, படம் எடுத்து, அறிக்கையோடு இணைத்துக் கொடுத்தேன். விடாமல் கேட்டதும் பெற்றோர்தான். கடைசியில் புகைக்குழாயை மாடிக்கு மேலே உயர்த்தினார்கள். சத்தம் குறையவில்லை. அது இன்னும் பாக்கி.

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் கேட்பது, உங்களுக்கு என்ன தொந்தரவு என்பதைத்தான். மீட்டரை அப்புறம்தான் எடுப்பேன். ராத்திரியெல்லாம் அதிருது, தூக்கம் இல்லை என்பார்கள். எங்கள் அப்பா காலத்து வீட்டை ஒட்டின பழைய கட்டடத்தில் இத்தனை டன் இரும்பை ஏற்றியிருக்கிறார்கள், தாங்குமா என்பார்கள். வாடகை ஒரு வீட்டுக்குப் போகிறது, பயம் தெரு முழுக்க வருகிறது என்பார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். எல்லாம் சேர்ந்து மனுவில் ரேடியேஷன் என்ற ஒற்றைச் சொல்லாகி வருகின்றன. நம்பர் வரம்புக்குள் இருக்கிறது என்றதும் அந்த எல்லாக் கேள்விகளையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கதிர்வீச்சிலும் உண்மையாகவே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டவர் நிற்கும் வீட்டுக்காரர்தான் அதிகம் பயப்படுவார். ஆனால் ஆன்டெனாவுக்கு நேர் கீழே அலை குறைவு. அது முன்பக்கமாக, லேசாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து, டார்ச் வெளிச்சம் மாதிரி போகிறது. ஆகவே பார்க்க வேண்டியது எதிரே அதே உயரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை. நேர் எதிரே ஒரே ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை வழிகாட்டுகிறது. வியாசர்பாடியில் எந்தத் தெரு 20 மீட்டர் அகலம்? டவர் வைக்கும்போது எதிர் வீடு தரைத்தளமாக இருந்திருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குத் தனிக் குடித்தனம் என்று மேலே மேலே எழுப்பி, மூன்றாவது மாடியில் ஷீட் போட்ட அறை வந்திருக்கும். அந்த அறை ஆன்டெனாவுக்கு நேர் எதிரே. காகிதத்தில் அந்த வீடு இன்னும் தரைத்தளம்தான். அப்படிப்பட்ட இடங்களில் ஆன்டெனாவின் திசையையோ உயரத்தையோ மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். டவரில் மக்கள் பயந்து கைகாட்டும் வெள்ளை டிரம் மாதிரியான ஆன்டெனா ஆபத்தில்லாதது. இன்னொரு டவரோடு மெல்லிய கற்றையில் பேசுவதோடு அதன் வேலை முடிந்தது.

டவரைவிட உங்கள் போன்தான் அதிகம் தருகிறது என்று எங்கள் ஆட்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அது உண்மைதான். டவரைத் தூரமாகத் தள்ளினால், சிக்னல் குறைந்து போன் இன்னும் கூடுதல் சக்தியில் கத்த வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் போனை அந்த அம்மா தானே வாங்கினார், வேண்டாம் என்றால் அணைத்து வைக்கலாம். டவரை வைக்கும்போது அவரை யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அநியாயம்.

வாட்ஸ்அப்பில் வரும் தீர்ப்புச் செய்திகளைக் காட்டுவார்கள். 2012-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளிகள், மருத்துவமனைகளிலிருந்து டவர்களை அகற்றச் சொன்னது; 2017-இல் குவாலியரில் ஒரு வீட்டு வேலைத் தொழிலாளி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு டவரை நிறுத்தச் சொன்னது. இரண்டும் நடந்தவைதான். டவரால் புற்றுநோய் வந்ததை அறிவியல் நிரூபித்துவிட்டது என்று அவற்றுக்குப் பொருள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் என்ற இணையதளத்தில் உங்கள் பகுதி டவர்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று யாரும் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் கேட்ட இடத்துக்கு வந்து அளந்தும் தருவார்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு குடும்பம் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? பள்ளிக்கூடங்களுக்காவது இந்தக் கட்டணம் வேண்டாம், டவர் எழும் முன்பே தெருவில் தமிழில் நோட்டீஸ் ஒட்டுங்கள், அறிக்கைப் படிவத்தில் ஜெனரேட்டருக்கு ஒரு கட்டம் சேருங்கள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். படிவத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.