விக்டோரியா காலத்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்

இங்கிலாந்தின் தேவாலயங்களில் இன்று காணக் கிடைக்கும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பெரும்பகுதி, விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் உருவானது. ஆயினும், அவற்றை இடைக்காலக் கலையின் வெறும் நகல் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். அந்த ஒதுக்கலை என்னால் ஏற்க இயலவில்லை. ஏறக்குறைய மறைந்தேபோன ஒரு கைத்தொழிலை, அதன் மூலப்பொருளான கண்ணாடியிலிருந்தே தொடங்கி மீட்டெடுத்தவர்கள் விக்டோரியா காலக் கலைஞர்கள்.

இடைக்காலக் கலைஞர்கள், உருகிய நிலையிலேயே நிறமேற்றிய கண்ணாடியைத் துண்டுகளாக வெட்டி ஈயத்தால் இணைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் அந்த வழக்கம் பெரிதும் தேய்ந்து, நிறமற்ற கண்ணாடியின் மேல் எனாமல் எனும் கண்ணாடிப்பொடிச் சாயத்தால் ஓவியம் தீட்டுவதே முறையாகிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு நியூ கல்லூரித் தேவாலயத்தின் மேற்குச் சாளரம் இதற்குத் தக்க சான்று: ஓவியர் ஜாஷுவா ரெனால்ட்ஸ் வரைந்து கொடுத்ததை, தாமஸ் ஜெர்வைஸ் திரைச்சீலை ஓவியத்தைப் போலவே கண்ணாடியில் தீட்டினார். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் அச்சாயம் ஒளியை மங்கச் செய்கிறது, சாளரத்திற்கு அதைவிடப் பெரிய குறை வேறில்லை என்பேன்.

இந்நிலையை மாற்றியவர்களில் நான் முதலில் நினைப்பது சார்லஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞரை. பழைய சாளரங்களின் அழகு ஓவியத்தைக் காட்டிலும் கண்ணாடியின் தன்மையில்தான் இருக்கிறது என்று கண்ட அவர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடைக்காலக் கண்ணாடித் துண்டுகளை வேதியியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, லண்டனின் ஜேம்ஸ் பவல் நிறுவனத்தைக் கொண்டு, தடிமன் சீரற்றதும் ஒளியைத் தன்னுள் சற்றே தேக்கி வைப்பதுமான கண்ணாடியைத் திரும்பவும் செய்வித்தார். கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்டிருந்ததும் தொழிலுக்குத் துணை நின்றது. அதே ஆண்டில், கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணியை மீட்டெடுத்த கோத்திக் மறுமலர்ச்சியின் முன்னோடியான பியூஜினின் தூண்டுதலால், பர்மிங்காமின் ஜான் ஹார்ட்மன் நிறுவனம் சாளரங்கள் செய்யத் தொடங்கியது.

செய்முறை பொறுமையைக் கோருவது. சாளரத்தின் முழு அளவில் வரைபடம் தீட்டி, ஈயக் கோடுகள் எங்கே ஓட வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன்படி ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே வெட்டுவார்கள். முகமும் விரல்களும் ஆடை மடிப்பும், உலோக ஆக்சைடையும் அரைத்த கண்ணாடியையும் குழைத்த பழுப்பு அல்லது கருநிறச் சாயத்தால் வரையப்பட்டு, 600 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் சூளையில் சுடப்படும். வெள்ளிச் சேர்மத்தைத் துண்டின் பின்புறம் பூசிச் சுட்டால், வெளிர் எலுமிச்சை முதல் ஆழ்ந்த பொன் வரை மஞ்சள் பிறக்கும். தலைமுடியும் ஒளிவட்டமும் பெரும்பாலும் இப்படி வந்தவையே. பிறகு இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டைகளில் துண்டுகளைப் பொருத்தி, சந்திப்புகளைப் பற்றவைத்து, இடுக்குகளில் மக்கு தேய்த்து, செப்புக் கம்பிகளால் இரும்புச் சட்டங்களில் கட்டுவார்கள்.

இந்த ஈயக் கோடுகளே ஓவியத்தின் கோடுகளாக மாறும் நுட்பத்தைக் காண விரும்புவோருக்கு நான் காட்டுவது பர்மிங்காமின் புனித பிலிப் பேராலயத்தை. 1715இல் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பரோக் எனும் பிந்தைய பாணிக் கட்டடமாதலால், அதன் உயர்ந்த சாளரங்களைக் கோத்திக் சாளரங்களில் உள்ளவை போன்ற கல் தூண்கள் துண்டாடுவதில்லை. அவ்வூரிலேயே பிறந்த ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் அந்த வெளி முழுவதையும் ஒரே காட்சியாக எடுத்துக்கொண்டார். 1885இல் இயேசுவின் விண்ணேற்றமும், 1887இல் பிறப்பும் சிலுவைப்பாடும், 1897இல் மேற்கே இறுதித் தீர்ப்பும் அமைந்தன. அனைத்தையும் செய்தளித்தது வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நிறுவனம். விண்ணேற்றத்தில் மேலே கிறிஸ்துவும் தேவதூதர்களும், கீழே அண்ணாந்து நிற்கும் சீடர்களும். மடிப்புகளைத் தொடர்ந்து ஈயம் நெளிந்து இறங்குவதால், எது கட்டுமானம், எது ஓவியம் என்று பிரிக்க முடிவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இவற்றை முன்னரே கழற்றிப் பாதுகாப்பாக வைத்திருந்ததால்தான், 1940 நவம்பரில் குண்டுவீச்சில் பேராலயம் எரிந்தபோதும் தப்பின.

எல்லாச் சாளரங்களும் இந்தத் தரத்தவை என்று சொல்ல மாட்டேன். தேவை பெருகியபோது ஒரே வரைபடத்தைப் பல ஊர்களுக்கும் பயன்படுத்தியதுண்டு. திருப்பணி என்ற பெயரில் பழைய கண்ணாடியை அகற்றியதும் உண்டு. பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கம் 1877இல் தோன்றியபோது, அதை நிறுவியவர்களுள் ஒருவரான மாரிஸ், பழைய தேவாலயங்களுக்குப் புதிய சாளரம் செய்வதில்லை என்று முடிவெடுத்தது இதனால்தான். தம் வருமானத்தையே குறைத்துக்கொண்ட அந்த நேர்மை போற்றத்தக்கது.

1860களிலும் 70களிலும் செய்த பல சாளரங்களில், சாயத்தில் வெண்காரம் கலந்ததால் ஈரம் பட்டுப் பட்டு வரைகோடுகள் உதிர்ந்து, ஆடைகள் பளிச்சென்றிருக்க முகங்கள் மட்டும் வெறுமையாகிவிட்டன. அத்தகைய முகத்தின் மேலேயே புதிதாகத் தீட்டி மீண்டும் சூளையில் வைப்பது மூலத்தைப் பணயம் வைப்பதாகும். மெல்லிய கண்ணாடித் தகட்டில் விடுபட்ட கோடுகளை வரைந்து, மூலத் துண்டின் பின்னே பொருத்தும் முறையையே நான் ஆதரிக்கிறேன். நாளை இன்னும் நல்ல வழி கிடைத்தால், அத்தகட்டைக் கழற்றிவிடலாம்.