பாங்காக்கின் பழைய ஆற்றுக்குள் ஒரு படகுச் சவாரி

பாங்காக் போகிறேன், என்ன பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்கிற முதல் பதில் ஒன்றுதான். ராத்திரி டின்னர் குரூஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு காலை நேரத்தில் லாங்டெயில் படகு ஒன்றை உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் தோன்புரி பகுதியின் வாய்க்கால்களுக்குள் போய்விட்டு வாருங்கள். ஒன்றரை இரண்டு மணி நேரம் போதும். அந்த ஊரைப் பற்றி மால்களிலும் ஸ்கைட்ரெயினிலும் தெரியாத ஒரு பெரிய விஷயம் அங்கேதான் தெரியும்.

என்ன விஷயம் என்றால், அரண்மனைக்கு முன்னால் அகலமாக ஓடுகிறதே சாவ் பிரயா ஆறு, எல்லோரும் போட்டோ எடுக்கிற இடம், அந்தப் பகுதி மனிதர்கள் வெட்டியது. ஆறு முன்பு அங்கே ஓடவில்லை. மேற்கே பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி கிழக்கே திரும்பிக் கீழே இறங்கியது. கடலிலிருந்து அன்றைய தலைநகரான அயுத்தயாவுக்குப் போகும் கப்பல்கள் அந்த வளையம் முழுக்கச் சுற்ற வேண்டியிருந்ததால், 16-ஆம் நூற்றாண்டில் சாய்ராசா என்ற அரசர் வளையத்தின் இரு முனைகளையும் இணைத்து நேராக ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். தண்ணீர் எப்போதும் குறுக்குவழியைத்தான் பிடிக்கும், அதுவும் டெல்டா மண் என்றால் கேட்கவே வேண்டாம். வெட்டிய வாய்க்கால் கரையை அரித்து அரித்து அகலமாகி ஆறாகிவிட்டது. பழைய ஆறு சுருங்கி வாய்க்காலாகிவிட்டது. இன்றைக்கு பாங்காக் நோய், சக் பிரா, பாங் குன் சி, பாங்காக் யாய் என்று துண்டு துண்டாகப் பெயர் வைத்து அழைக்கும் வாய்க்கால்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அசல் ஆறு. இதைத் தெரிந்துகொண்டு படகில் ஏறினால் சவாரியே வேறு மாதிரி இருக்கும். நாங்கள் அப்படித்தான், பழைய ஆற்றின் வளையம் முழுவதையும் சுற்றுவது என்று முடிவு செய்துகொண்டு போனோம்: அம்மா, தங்கை, நான்.

படகு பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இந்த இடத்திலேயே மனசு வெறுத்துவிடுகிறது. துறைக்கு வெளியே, தெருவிலேயே, லேமினேட் செய்த படங்களோடு ஒருவர் வந்து நிற்பார். அரண்மனை இன்றைக்கு மூடியிருக்கிறது, படகில் போங்கள் என்பார். அதை நம்பாதீர்கள். அரச விசேஷ நாட்களைத் தவிர அரண்மனை தினமும் திறந்திருக்கும். எங்களிடம் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு இத்தனை என்று தலைக்கணக்கில் விலை சொன்னார். தனிப் படகுக்குத் தலைக்கணக்கு கிடையாது, படகுக்குத்தான் வாடகை. நேராகத் துறைக்குள்ளே போய், கவுன்டரில் இருந்த அம்மாளிடம் போனில் மேப்பைத் திறந்து காட்டி, இந்த முனையில் உள்ளே போய் அந்த முனையில் வெளியே வர வேண்டும், நடுவில் ஓர் இடத்தில் இறங்கி அரை மணி நேரம் நிற்க வேண்டும், மதகுக் கட்டணமும் இதற்குள்ளேயே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 2,500 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று தொடங்கிய பேச்சு 1,800-இல் நின்றது. மூன்று பேருக்கு இது மலிவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படகில் எட்டு பேர் வரை தாராளமாக உட்காரலாம். ரெண்டு குடும்பமாகப் போனால் ஒரு சாப்பாட்டுச் செலவுதான் ஆகும். எந்த வாய்க்கால் வழியாக என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். 'வாய்க்கால் டூர்' என்று மட்டும் சொன்னால், பெரிய ஆற்றில் பாதி நேரம் ஓட்டிவிட்டு ஒரு சின்ன சந்துக்குள் தலையைக் காட்டித் திரும்பிவிடுவார்கள்.

துறை மேடை தண்ணீரோடு சேர்ந்து ஆடும், படகு அதற்கு எதிராக ஆடும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏறும் இடத்தில் நின்றுவிட்டார்.

"ஏண்டா, இதுலயா நான் ஏறணும்?"

"கையப் பிடிச்சுக்கும்மா, அவர் பார்த்துப்பார்."

படகோட்டி அறுபது வயதுக்காரர். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு காலைப் படகிலும் ஒரு காலை மேடையிலும் ஊன்றி, இரண்டும் ஒன்றாக வரும் நொடி வரை காத்திருந்து, அம்மாவின் முழங்கையைத் தாங்கி உள்ளே இறக்கினார். உட்காரும் பலகை தாழ்வாகவே இருக்கிறது, முதுகுக்குச் சாய்மானமும் உண்டு, உட்கார்ந்துவிட்டால் பயமில்லை. படகின் முன்முனையில் மட்டும் காலை வைக்கக் கூடாது. அங்கே மே யா நாங் என்ற காவல் தெய்வம் இருப்பதாக நம்பிக்கை, அதனால்தான் அந்த நுனியில் பல வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருக்கிறார்கள். எங்கள் படகில் அன்று காலை கட்டிய சாமந்தி. அம்மா அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். படகோட்டி சிரித்துக்கொண்டே தானும் ஒரு கும்பிடு போட்டார்.

இந்தப் படகின் இன்ஜினைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். கார் அல்லது லாரியிலிருந்து கழற்றிய இன்ஜின், மூடி எதுவும் கிடையாது, பின்பக்கம் ஒரு முளையின் மேல் தராசு மாதிரி நிற்கிறது. அதிலிருந்து நீளமான இரும்புத் தண்டு பின்னோக்கி நீண்டு, அதன் நுனியில் சின்ன விசிறி. சுக்கான் என்று தனியாக ஒன்றும் இல்லை, படகோட்டி முழு இன்ஜினையே ஒரு கைப்பிடியால் இடமும் வலமும் திருப்புகிறார். தண்ணீர் ஆழமில்லாத இடத்திலும், ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் இடத்திலும் கைப்பிடியை அமுக்கினால் தண்டு மேலே எழும்பிவிடும். வாய்க்காலுக்காகவே பிறந்த கருவி. சத்தம் மட்டும் காதைப் பிளக்கும், அதனால் பின் வரிசையில் உட்காராதீர்கள்.

சிரிராஜ் மருத்துவமனையைத் தாண்டி இடது பக்கம் பாங்காக் நோய் வாய்க்காலுக்குள் திரும்பியதும் ஆற்றின் அலை சட்டென்று அடங்கியது. நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே அரசப் படகுகளின் அருங்காட்சியகம். சுபன்னஹோங் என்ற படகு அங்கேதான் இருக்கிறது, அன்னப் பறவையின் தலையை முகப்பாகக் கொண்டது, 1911-இல் தண்ணீரில் இறக்கியது, நீளம் சுமார் 45 மீட்டர். கருடன் மேல் நாராயணன் நிற்கும் இன்னொரு படகும் உண்டு. 2024 அக்டோபரில் மன்னரின் 72-ஆம் வயதை ஒட்டி 52 படகுகளோடு ஆற்றில் ஊர்வலம் நடத்தினார்கள். நாங்கள் இறங்கவில்லை, நேரம் இருப்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

அதற்கப்புறம் வீடுகள் தொடங்கின. எனக்கு இந்தச் சவாரியில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். மரக்கால்கள் மேல் நிற்கும் பழைய பலகை வீடுகள், அவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு புது மாடி வீடு, அடுத்தது கூரை சரிந்து பாதி தண்ணீருக்குள் போன வீடு. ஆனால் எல்லாவற்றுக்கும் வாசல் வாய்க்கால் பக்கம். திண்ணை தண்ணீரைப் பார்த்து இருக்கிறது, பூந்தொட்டிகள் அங்கே, பூஜை மாடம் அங்கே, வீட்டு எண் பலகைகூட அங்கே. ஒரு பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்து கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார், எங்கள் படகின் அலை படி ஏறி வந்தபோது தலையைத் தூக்காமல் காலை மட்டும் ஒரு படி மேலே எடுத்து வைத்துக்கொண்டார். கோயில்களும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் தண்ணீருக்குள் இறங்கும் படித்துறையும் மண்டபமும் இருக்கிறது. ரோட்டு வழியாக இந்த வீடுகளுக்கும் கோயில்களுக்கும் போனால் நாம் பார்ப்பது கொல்லைப்புறம்.

இந்த இடத்தில்தான் தனிப் படகின் அருமை. "சா சா" என்று சொல்லிக் கையைத் தாழ்த்திக் காட்டினால் போதும், மெதுவாக என்று அர்த்தம், படகோட்டி வேகத்தைக் குறைத்துவிடுவார். கூட்டுப் படகில் இது நடக்காது. மெதுவாகப் போனதால்தான் வெள்ளத் தடுப்புச் சுவரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வெயில் காய்ந்த நீர் உடும்பை அம்மா முதலில் கண்டுபிடித்தார். முதலை என்றே நினைத்துவிட்டார்! ஆள் நீளம் இருந்தது. ஒரு கோயில் துறை அருகே படகோட்டி தானாகவே நிறுத்தினார். கோயில் எல்லையில் மீன் பிடிக்க மாட்டார்கள் என்பதால் கெளுத்தி வகை மீன்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கொழுத்துக் கிடக்கின்றன. பொரியைப் போட்டதும் தண்ணீர் தெரியவில்லை, வாய்கள்தான் தெரிந்தன. அப்போது ஒரு சின்னத் துடுப்புப் படகில் ஒரு பெண்மணி எங்கள் பக்கம் ஒட்டி வந்து குளிர்பானமும் விசிறியும் நீட்டினார். வாங்கினோம். வாங்காவிட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வளையத்தின் தெற்குப் பாதியில் பாங் லுவாங் பக்கம் கலைஞர் வீடு என்று ஒரு பழைய மர வீடு இருக்கிறது, பான் சிலபின் என்று கேட்டால் எல்லாப் படகோட்டிகளுக்கும் தெரியும். நாங்கள் இறங்கி நின்றது இங்கேதான். ஒரு பழைய ஸ்தூபியைச் சுற்றி வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே பாவைக்கூத்து நடக்கும். எங்களுக்கு அன்று அதிர்ஷ்டம், காட்சி இருந்தது. ஒரு பொம்மைக்கு மூன்று பேர். ஒருவர் தலையும் வலக்கையும், ஒருவர் இடக்கை, ஒருவர் கால்கள். மூவரும் கறுப்பு உடையில் ஒரே ஆட்டமாக ஆடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் ஆட்கள் மறைந்து பொம்மை மட்டும் கண்ணில் நிற்கிறது. வந்தவர் யார் தெரியுமா, ஆஞ்சநேயர். தாய்லாந்தின் ராமாயணமான ராமகியனில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை, சரியான காதல் மன்னன். கூட்டத்துக்குள் இறங்கி வந்து, முன்னால் உட்கார்ந்திருந்த என் தங்கையின் தோளில் சாய்ந்து கண்ணை உயர்த்திப் பார்த்தார், அம்மாவிடம் திரும்பியதும் அடக்கமாகக் கைகூப்பினார். சென்னையில் சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாத்துகிற என் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். காட்சி நேரம் மாறிக்கொண்டே இருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். படகு இல்லாமல் இந்த வீட்டுக்கு மட்டும் போக வேண்டுமென்றால் பாங் பாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

மறுபடி ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு பொன்னிற முகம் எழுந்தது. வாட் பாக்நாம் கோயிலின் பெரிய புத்தர், 69 மீட்டர், 2021-இல் முடித்தார்கள். வாய்க்கால் வளையும்போதெல்லாம் அவர் இடமும் வலமும் மாறி மாறித் தெரிகிறார். அங்கிருந்து பாங்காக் யாய் வழியாக ஆற்றை நோக்கி. இந்தக் கடைசிப் பகுதியில் கோயிலோடு சேர்ந்து மசூதிகளும் வருகின்றன. பாங்காக்கின் மிகப் பழைய மசூதிகளில் ஒன்றான தோன்சோன் இங்கேதான். பாங் லுவாங் மசூதியை முதலில் பார்த்தால் பௌத்தக் கோயில் என்றே நினைப்பீர்கள், அப்படியே தாய்லாந்து பாணிக் கூரை. முகத்துவாரத்தில் பெரிய புத்தர் இருக்கும் வாட் கல்யாணமித், அதற்குச் சற்று கீழே போர்த்துகீசியர் வழி வந்தவர்களின் சாந்தா க்ரூஸ் தேவாலயம். 1767-இலிருந்து 1782 வரை தக்சின் அரசர் தலைநகராக வைத்திருந்த இடம் இது, எல்லா ஊர்க்காரர்களும் படகில் வந்து இறங்கிக் குடியேறிய இடம். மதகில் நீர்மட்டம் சரியாகும் வரை காத்திருந்துவிட்டு வெளியே வந்தால் வாட் அருண் கோயிலின் கோபுரம் இடது பக்கம் நிற்கிறது.

இத்தனையையும் பார்த்துவிட்டு சாயங்காலம் சீலோம் ரோட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில், கோபுரத்தைப் பார்த்தாலே நம் ஊர் என்று தெரியும். அதன் வாசலில் டிராஃபிக் ஓர் அங்குலம் நகரவில்லை. அந்த ரோட்டை ஒட்டியும் ஒரு காலத்தில் வாய்க்கால் இருந்தது. கோயில் கட்டிய நாளில் அங்கே தண்ணீர் ஓடியது. 1860-களில் சரோன் குரூங் ரோடு போட்டதிலிருந்து ஆரம்பித்து, கிழக்குக் கரையில் பல வாய்க்கால்களைத் தூர்த்து ரோடாக்கிவிட்டார்கள். இப்போது மழைக்காலத்தில் அதே ரோடுகளில் தண்ணீர் நிற்கிறது. தோன்புரியில் மிச்சம் இருப்பவையாவது நிலைக்க வேண்டும். அங்கே இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள், அதனால் வேகமாக ஓட்டச் சொல்லி அவர்கள் படிக்கட்டை அலையால் அடிக்காதீர்கள் என்று போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காலை எட்டரை ஒன்பதுக்குப் போனால் வெயில் தாங்கும். தொப்பி கட்டாயம், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நீர்மட்டம் மிகவும் உயர்ந்திருக்கும் நாட்களில் தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு போகாது, வழியை மாற்றுவார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். தனிப் படகுக்குக் கையில் பணம் இல்லையென்றால் கிழக்குக் கரையில் ஓடும் சென் செப் வாய்க்காலின் பொதுப் படகு இருக்கிறது. 1837-இல் வெட்டத் தொடங்கிய வாய்க்கால், கம்போடியப் பக்கம் படை அனுப்புவதற்காக. இன்றைக்கு ஆபீஸ் போகிறவர்கள் 20 பாட் அளவில் பயணம் செய்கிறார்கள். ஹெல்மெட் போட்ட நடத்துநர் ஓடும் படகின் வெளி விளிம்பில் நடந்தே டிக்கெட் கொடுப்பார். ஓரத்தில் உட்கார்ந்தால் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பிடிக்கிற வேலை உங்களுக்கு, இல்லாவிட்டால் அந்தக் கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். வழியில் படகு மாற வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.