திங்கட்கிழமைக் காலையில் குலுங்கும் லோரி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் இருக்கும் எங்கள் பட்டறைக்குள் அந்த லோரி நுழைந்தபோது கதவுக் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. முகப்பில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்துகூட நடுங்கியது. மூன்று டன் ஜப்பானிய லோரி. நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின். கணினி எதுவும் பொருத்தப்படாத காலத்து வண்டி. மீட்டர் 7 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டரில் நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

ஓட்டிவந்தவர்தான் உரிமையாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "தம்பி, இஞ்சினை முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றார். வேறொரு பட்டறையில் மூன்று வாரங்களுக்கு முன்பு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றியிருந்தார்கள். குலுக்கல் குறையவில்லை. அதன் பிறகுதான் ஓவர்ஹால் பேச்சு வந்திருக்கிறது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புஸ்பாகோம் வாகனத் தகுதிப் பரிசோதனை அவருக்கு அடுத்த வாரம். புகைக்குழாயிலிருந்து வரும் வெள்ளைப் புகையோடு அங்கே போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

"இஞ்சின் போய்விட்டது" என்ற சொல்லை நான் எளிதில் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வயதில், ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போர்மனாக இருந்தபோது, செங்கல் ஏற்றும் லோரி ஒன்றைப் பார்த்து அப்படித்தான் சொன்னேன். இஞ்சினை இறக்கி, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி ஏற்றினோம். மறுநாள் அதே குலுக்கல். கடைசியில் டீசல் தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் ஒரு மயிரிழை விரிசல் இருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்த உரிமையாளர் கோபப்படவே இல்லை. ஓவர்ஹால் பணத்தை எட்டுத் தவணையாகக் கட்டினார். ஒவ்வொரு மாதமும் தாமே வந்து கொடுத்துவிட்டு, "நல்லபடியாகச் செய்துகொடுத்தீர்கள்" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். எட்டு முறை அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லும் துணிவு அப்போது எனக்கு இல்லை.

ஆகையால் இப்போது ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன். குலுக்கல் எப்போது தொடங்கியது? குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? காலி வண்டியிலா, சுமையோடா? தொட்டியில் டீசல் நிறைய இருக்கும்போதா, குறையும்போதா? கடைசிக் கேள்விக்கு அவர் சற்று யோசித்தார். "பாதிக்குக் கீழே போனால் மோசம், தம்பி. பினாங்குப் பாலத்தில் நடு மேடு ஏறும்போது இழுக்காமல் திணறும்." பிறகு அவராகவே இன்னொன்றையும் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பதில்லை. திங்கட்கிழமைக் காலையில்தான் ரொம்பக் கஷ்டப்படுத்தும்."

அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. தேய்ந்துபோன பிஸ்டனுக்குத் திங்கட்கிழமை தெரியாது. தொட்டியில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்பதும் தெரியாது. இந்த இரண்டும் தெரிந்த இடம் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் குழாய்தான். அதில் எங்காவது காற்று புகுந்தால், வண்டி நிற்கும் நேரத்தில் குழாயிலுள்ள டீசல் தொட்டிக்குத் திரும்பி இறங்கிவிடும். தொட்டியில் மட்டம் குறையக் குறையப் பம்ப் கூடுதல் உயரம் உறிஞ்ச வேண்டும். அப்போது டீசலோடு காற்றும் சேர்ந்து வரும்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "இன்ஜெக்டர் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரிதான் குலுங்கியதா?" இதைக் கேட்டபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்பு பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடுமாம். இப்போது நாள் முழுவதும் அடங்குவதில்லையாம். மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்: தக், தக், தக். சீரான தட்டு.

என் உதவியாளரான பையனை லோரிக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் புகைக்குழாயின் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். நிமிடத்துக்கு 700 சுற்று ஓடும் நான்கு வீச்சு இஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையாக நிமிடத்துக்கு 350 முறை எரிகிறது. அதாவது ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஆறு முறை. ஒரே ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால் அந்த ஆறு தட்டும் ஒழுங்காகக் காதில் விழும். காற்றுப் புகுந்த வண்டியின் குலுக்கல் அப்படி இருக்காது. தவறும், பிடிக்கும், ஏறும், இறங்கும். இந்த லோரியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது. "அண்ணே, இரண்டு கோளாறா?" என்று பையன் கேட்டான். அவன் காதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் காற்று. டீசல் பம்புக்குள் போகும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை இடையில் சேர்த்தோம். இஞ்சினை ஓடவிட்டால் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின. லோரியின் இரும்புச் சட்டத்தின் உட்புறமாகப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனேன். தொட்டிக்கு அருகில் ஒரு முழ நீளம் கையில் பிசுபிசுத்தது. அழுத்தினால் ஊறவைத்த தோல் போலக் குழைந்தது. ஆனால் வெளியே ஒரு சொட்டு டீசல் கசியவில்லை. உறிஞ்சும் பக்கத்துக் குழாய் அப்படித்தான்: காற்றை உள்ளே இழுக்கும், டீசலை வெளியே விடாது. தரையில் ஈரம் இல்லையே என்று பார்த்துவிட்டு விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

நம் நாட்டில் 2019 முதல் சாலை வாகனங்களுக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வரும் உயிரி டீசல் கலக்கிறார்கள். அதற்கு ஏற்ற ரப்பர் போட்ட வண்டிகளுக்குத் தொல்லை இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பே ஓடத் தொடங்கிய வண்டிகளின் பழைய ரப்பர் குழாய்கள்தான் ஊறி மென்மையாகிவிடுகின்றன. தொட்டியின் அடியில் வருடக்கணக்காகப் படிந்திருக்கும் அழுக்கையும் அது கரைத்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைக்கிறது. பழைய லோரி வைத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெரியவருக்கும் சொன்னேன். குழாய் முழுவதையும் புதிதாக்கி, வடிகட்டியை மாற்றி, கைப் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினோம். குமிழி நின்றது. ஒழுங்கற்ற குலுக்கலும் நின்றது. தக், தக், தக் மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது வேலைதான் எங்களை மாலை வரை பிடித்துவைத்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்தினோம். நன்றாக எரியும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இஞ்சின் உடனே தடுமாறும். முதல், இரண்டாவது, நான்காவது சிலிண்டர்களில் தடுமாறியது. மூன்றாவதில் கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரிந்தது. (இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் கண்ணாடி அணிந்து, நட்டின்மேல் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜெக்டரின் நுனியிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் விரலை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.)

மூன்றாவது இன்ஜெக்டரை முதல் சிலிண்டருக்கும் முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றிப் போட்டோம். கோளாறு இன்ஜெக்டரில் இருந்தால் அதோடு சேர்ந்து முதல் சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்றாவதிலேயே இருந்தது. வால்வு இடைவெளிகளை அளந்தோம், சரியாகவே இருந்தன. அப்படியானால் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அழுத்தம்தான் போயிருக்க வேண்டும். ஓவர்ஹால் சொன்னவர்கள் சொன்னது உண்மைதானோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது. அந்த நேரத்தில் பெரியவரின் முகத்தைப் பார்ப்பதை நான் தவிர்த்தேன்.

அழுத்தமானியைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களையும் அளந்தோம். 25, 24, 24, 25 பார். இத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடிய இஞ்சினுக்கு அது நல்ல அளவு. அதைவிட முக்கியம், நான்கும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பிஸ்டனிலும் ரிங்கிலும் குற்றமில்லை. டீசல் வருகிறது, அழுத்தம் இருக்கிறது, இன்ஜெக்டர் நல்லது. பிறகு ஏன் எரியவில்லை?

பையன்தான் டார்ச் விளக்கை எடுத்து, மூன்றாவது இன்ஜெக்டர் உட்காரும் குழிக்குள் எட்டிப் பார்த்தான். மற்ற மூன்று குழிகளின் அடியும் ஒரு மாதிரி இருந்தது. இது வேறு மாதிரி இருந்தது. கரி படிந்து, சிலிண்டர் தலையோடு ஒட்டிப்போய், இஞ்சினின் பகுதியைப் போலவே கிடந்தது ஒரு பழைய செம்பு வாஷர். புதிய இன்ஜெக்டர் போட்டபோது பழைய வாஷரை எடுக்காமல் அதன்மேலேயே புதிய வாஷரை வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அந்த அளவுக்கு இன்ஜெக்டரின் நுனி மேலே ஏறி நின்றுவிட்டது. பிஸ்டன் தலையிலுள்ள கிண்ணத்துக்குள் போய்ச் சேர வேண்டிய டீசல் கிண்ணத்தின் விளிம்பில் பட்டு வீணாகியது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வந்தது. குழிக்குள்ளேயே கிடந்ததால்தான் இன்ஜெக்டரை மாற்றிப் போட்டபோதும் கோளாறு இடம் மாறவில்லை. மாற்றிப் போடும்போதே நான் குழிக்குள் பார்த்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு கொக்கி செய்து, அரை மணி நேரம் போராடி அதை எடுத்தோம். நான்கு குழிகளையும் துடைத்து, நான்கு புதிய வாஷர்கள் போட்டு இறுக்கினோம். இஞ்சினை எழுப்பியதும் பெரியவர் முகப்பைத்தான் பார்த்தார். வேப்பிலை அசையவில்லை.

பில் தொகையைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "எதையாவது விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். 2024 ஜூனில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியதிலிருந்து தாம் ஒவ்வொரு லிட்டரையும் எழுதி வைப்பதாகச் சொல்லி ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். குலுக்கல் தொடங்கிய நாள் முதல் எவ்வளவு டீசல் கூடுதலாகப் போயிருக்கிறது என்பது அதில் வரிசையாக இருந்தது. அதை நான் நின்று முழுவதும் படித்தேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த நோட்டே பதில் சொல்லியிருக்கும்.

வண்டி வெள்ளிக்கிழமை போனது. ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஒருநாள் முழுக்க நின்றுவிட்டு எழும் வரை அந்தக் குழாயை நான் முழுமையாக நம்ப முடியாது.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு என் கைப்பேசி அடித்தது. பெரியவரின் எண். எடுத்து, "சொல்லுங்கள் அண்ணே" என்றேன். அவர் பேசவில்லை. சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. ஒரே சுற்றில் இஞ்சின் எழுந்தது. கைப்பேசியை அதன் அருகிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.