பண்ணுக்கு உரிய பொழுது: கோத்தகிரி நாட்குறிப்பு

ஜனவரி 5

இசைச் செயலி ஒன்றுக்கு எழுதித் தரச் சொல்லி மின்னஞ்சல். ‘நீலகிரிப் பழங்குடி இசை’ என்று பாடல் வரிசைகள் போடுகிறார்களாம். தூங்க ஒன்று, ஓட ஒன்று, வேலை பார்க்க ஒன்று. ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் நாலு வரி வேண்டும். சொல்லுக்கு மூன்று ரூபாய். எங்கள் தொழிலில் இது நல்ல கூலி.

ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். தூங்குவதற்கான வரிசையில் ஒரு குழலோசை. கோப்பின் பெயரைப் பார்த்தால், கோத்தர் இழவில் வாசிப்பது.

ஜனவரி 7

இந்த ஊருக்கே பெயர் கொடுத்தவர்கள் கோத்தர்கள். மலையில் அவர்களுக்கு ஏழு ஊர். கொல்லு வேலை, தச்சு, பெண்கள் வனையும் மண்பாண்டம், இவற்றோடு வாசிப்பும். தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் ஒரு காலத்தில் இவர்கள்தான் போய் வாசித்தார்கள். 1930களில் படகர்கள் அவர்களை அழைப்பதை நிறுத்தத் தொடங்கினார்கள். அடுத்தவருக்கு வாசிப்பதால் தங்களுக்குத் தாழ்வு என்ற எண்ணம் கோத்தர்களுக்குள்ளும் வளர்ந்தது. பறை வாசித்த நம் சமவெளி ஊர்களின் கதையும் இதுதானே.

ஆனால் தங்கள் சாமிக்கும் தங்கள் சாவுக்கும் வாசிப்பதை அவர்கள் விடவில்லை. மார்கழி, தை வாக்கில் அய்யனோர், அம்மனோர் பண்டிகை. மேளத்தின் தோலை நெருப்பில் காய்ச்சி, குழலும் கொம்பும் சேர, வட்டமாக ஆடுவார்கள். சாமிக்கு உரிய மெட்டு சாமிக்கு, சாவுக்கு உரியது சாவுக்கு. ஒன்றின் இடத்தில் மற்றதை எடுக்க மாட்டார்கள்.

ஜனவரி 8

படகர்களின் குலதெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக் கூட்டம். பேரகணிப் பக்கம் போகும் பஸ்ஸெல்லாம் வெள்ளை உடுத்திய படகர் குடும்பங்கள். ஒன்றும் எழுதவில்லை.

ஜனவரி 11

பக்கத்து வீட்டு அப்பாயி, இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர். கண்டித் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம். ஒப்பாரியில் இவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். கல்லூரியில் படிக்கும் பேத்தி, விளக்கு வைக்கிற நேரத்தில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒரே ஒரு ஒப்பாரி, அப்பாயி. ரெண்டு நிமிஷம் போதும்.”

“சும்மா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வச்சா அது ஒரு ஆளக் கேக்கும்டி. கும்மி பாடுறேன், எடுத்துக்க.”

“நீ போயிட்டா யாருக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியும்?”

“நான் போற அன்னிக்கு நாலு பேரு மாரடிச்சுப் பாடுவாளுவ. அப்பப் புடிச்சுக்க.”

பேத்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் கேட்டதில் எனக்குக் குறை தெரியவில்லை. பாட்டியின் குரலை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான். லயத்துப் பாட்டுகளில் எத்தனையோ யாரும் எழுதி வைக்காமலே போய்விட்டன. ஆனாலும் அப்பாயியை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. கும்மி மட்டும் பதிவாயிற்று, ரொம்ப நன்றாக.

ஜனவரி 14

புறநானூறு 149. கண்டீரக் கோப்பெருநள்ளி என்ற வள்ளலை வன்பரணர் பாடியது. மாலையில் மருதப் பண்ணையும் காலையில் செவ்வழிப் பண்ணையும் வாசித்து எங்கள் பாணர்கள் முறை மறந்துவிட்டார்கள், அதற்குக் காரணம் உன் கொடை என்கிறார். மருதம் காலைக்கு உரியது, செவ்வழி மாலைக்கு. நள்ளியின் தோட்டிமலை இந்த நீலமலைப் பக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. அதனாலேயே எனக்கு இந்தப் பாட்டு நெருக்கம். கை நிறைந்த பாணனுக்கு முதலில் மறந்துபோவது பொழுது! தேவாரத்திலும் பகற்பண், இராப்பண் என்று பிரித்தே வைத்திருக்கிறோம்.

செயலியும் தூங்க, ஓட என்று நேரம் பிரிக்கிறதே என்று நண்பர் வாதாடினார். அது கேட்பவனின் சௌகரியத்துக்குப் பிரித்தது. இழவு மெட்டுக்கு வேளை குறிப்பது ஒரு மனிதரின் சாவு. அன்றைக்கு ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறது. அந்த மெட்டை ஒருவன் காதில் மாட்டிக்கொண்டு தூங்கப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதிவு செய்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த வேளைக்கு உரியது என்பதும் பதிவோடு சேர்ந்து வரவேண்டும். வாசித்தவர்களைக் கேட்டு வரவேண்டும்.

ஜனவரி 18

அந்தத் துண்டை எடுத்துவிட்டு ஊரில் அனுமதி கேளுங்கள், மற்றவற்றுக்கு எது எப்போது வாசிக்கப்படுவது என்று விரிவாகவே எழுதித் தருகிறேன் என்று பதில் போட்டிருந்தேன். வரிசை முடிவாகிவிட்டது, வேறொருவர் எழுதுகிறார் என்று இன்று வந்தது. மாத வாடகைக்கு வேறு வழி பார்க்கவேண்டும்.

இதையே கட்டுரையாகத் தரச் சொல்லி ஒரு சிற்றிதழ் கேட்கிறது. பணம் கிடையாது. எழுதுவேன். அதற்கு முன்னால் கோத்தர் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், எழுதலாமா, எதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று கேட்டாக வேண்டும். பண்டிகை முடிந்து அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.